மச்சினனோடு மூணாறுக்கு: யார் முன்னால், யார் பின்னால்?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 41. போன தை மாதம் மனைவியின் தம்பியோடு சைக்கிளில் பழனிக்குப் போனேன். வழியெல்லாம் நான் முன்னால் போய்ப் போய் அவனுக்காகக் காத்திருந்தேன். உடுமலை தாண்டியதும் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டு, 'நீங்களே போங்க மாமா' என்று உட்கார்ந்துவிட்டான். திரும்பும்போது பேச்சே இல்லை. இந்த மார்கழியில் இரண்டு நாளில் மூணாறு போகலாம் என்கிறான். சண்டையில்லாமல் போய்வர என்ன வழி?"

மச்சினன் மேல் குற்றமில்லை. பாதிக் குற்றம் காற்றுடையது, மீதி உங்களுடையது.

கார்த்திகை தொடங்கித் தை வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று வீசும். விருச்சிகக் காற்று என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதுதான். பழனிக்குப் போனபோது அது நேர் எதிரே அடித்திருக்கிறது. நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதித்தாலும், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடம்புக்கு அது 30 கிலோமீட்டர் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். இந்தச் சுமையில் ஒரு நல்ல பங்கை முன்னால் போகிறவரின் முதுகு தடுத்துக்கொடுக்கும். ஆனால் பின்னால் வருகிறவர் ஒரு சக்கர தூரத்துக்குள் ஒட்டி வந்தால்தான் அது கிடைக்கும். நீங்கள் நூறு மீட்டர் முன்னால் போய்விட்டால், அவர் தனியாளாகத்தான் காற்றோடு மல்லுக்கட்டியிருப்பார்.

மார்கழியிலும் உடுமலை வரை இதே காற்றுதான். அதனால் நீங்கள் முன்னால் போங்கள், ஆனால் அவர் ஒட்டி வரும் வேகத்தில் போங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் இரண்டு நிமிடம் முன்னால் வரட்டும். அது உங்களுக்கு ஓய்வு, அவருக்கு மரியாதை. குழி வந்தால் கையைக் காட்டிச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவரின் முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி வரவே கூடாது. உரசினால் விழுவது அவர்தான். பொள்ளாச்சி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவதெல்லாம் வேண்டாம்.

அப்புறம் காத்திருக்கும் விதம். எனக்குத் தெரிந்த சைக்கிள் சண்டைகளில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது. வேகமானவர் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். மெதுவானவர் வியர்த்து வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா, போலாமா?" என்று எழுந்துவிடுவார். இவருக்கு ஓய்வோ ஓய்வு, அவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் ஆள் வெடிப்பார். கடைசியாக வந்தவர் உட்கார்ந்த பிறகுதான் பத்து நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். அவர் எழுந்தால்தான் நீங்கள் எழுவது.

மீதிச் சண்டை வயிற்றிலிருந்து வருகிறது. விடாமல் அழுத்தி மிதித்தால் உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரை இரண்டு மணி நேரம் போலத்தான் தாங்கும். அது குறையும்போது கால் ஓய்வதற்கு முன்பே மூக்குக்கு மேல் கோபம் வரும். நானும் என் கூட்டாளியும் ஒருமுறை பாலக்காட்டுச் சித்தூரில் நடுரோட்டில் நின்று, பஞ்சரைச் சரியாக ஒட்டாதது யார் என்று அரை மணி நேரம் கத்திக்கொண்டோம். ஆளுக்கு இரண்டு பரோட்டா உள்ளே போனதும் அந்தப் பேச்சே எழவில்லை. பசிக்கும்வரை பொறுக்காதீர்கள். மணிக்கு ஒரு நேந்திரம்பழம், இரண்டு கடலைமிட்டாய், உப்பு போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ போதும். அவர் முறைத்துப் பேசினால் பதில் பேசாமல் பழத்தை நீட்டுங்கள்.

இரண்டு நாள் என்பதை மூன்றாக்குங்கள். முதல் நாள் கோபாலபுரம், பொள்ளாச்சி வழியாக உடுமலை, 60 கிலோமீட்டர் பக்கம் வரும். இரண்டாம் நாள் சின்னாறு தாண்டி மறையூர். மூன்றாம் நாள் மூணாறுக்கு 40 கிலோமீட்டர். தூரம் குறைவாகத் தெரியும், ஏமாறாதீர்கள். உடுமலை 400 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, மறையூர் ஏறக்குறைய 1,000 மீட்டர், மூணாறு 1,500.

ஏற்றத்தில் ஒட்டிப் போகும் வித்தை பலிக்காது. எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டில்லை, உடம்பு எடையும் மூட்டை எடையும்தான் கணக்கு. அதனால் பாரத்தைப் பாதிப் பாதி பிரிக்காமல் பலசாலி கூடுதலாகச் சுமக்கட்டும். மறையூருக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள் வழியாக ஏறும்போது அவரவர் வேகத்தில் போய், லக்கம் அருவி போன்ற இடத்தில் சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். ஆனால் சின்னாறு காட்டுக்குள் மட்டும் பிரியவே கூடாது. யானை நடமாடும் ரோடு அது. காலை வெளிச்சம் நன்றாக வந்தபின் சோதனைச்சாவடியில் சைக்கிளை விடுகிறார்களா, முன்னால் யானை நிற்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் வண்டி பிடியுங்கள்.

இருவர் சைக்கிளுக்கும் ஒரே அளவு டியூப் என்றால் இரண்டு உபரி டியூப் போதும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் வழியில் உள்ள பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது, சின்ன அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூணாறில் மார்கழிக் குளிர் கடுமை, இறக்கத்தில் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஜாக்கெட் மூட்டையின் மேல்பக்கம் இருக்கட்டும்.

ஒருவர் "போதும்" என்றால் இருவரும் நிறுத்துவது, ஏன் என்று கேட்பதில்லை. இதைக் கிளம்பும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். மறையூரில் ஜீப் கிடைக்கும்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனாட்சிபுரம் வரை போய் வாருங்கள். அன்றைக்கு முழுக்க மச்சினன் முன்னால், நீங்கள் பின்னால்.