நரம்பு டாக்டரும் காப்பீட்டு அட்டையும்: வாசகர் கேள்விகள்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. நல்ல நியூரோ டாக்டர் ஒருவரைச் சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

யாருக்கு, என்ன வயது, என்ன தொந்தரவு? ஒன்றுமே எழுதாமல் டாக்டர் மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? வலிப்பு, பக்கவாதம், கை நடுக்கம் என்றால் டி.எம். (நரம்பியல் மருத்துவம்) முடித்தவர். மூளைக் கட்டி, தண்டுவட ஆபரேஷன் என்றால் எம்.சி.ஹெச். (நரம்பு அறுவை சிகிச்சை) முடித்தவர். மாற்றிப் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். மதுரையிலேயே இருக்கிறீர்கள், முதலில் இராஜாஜி மருத்துவமனை நரம்பியல் ஓ.பி.யில் காட்டுங்கள். பழைய ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும்.

ஒற்றைத் தலைவலிக்குத் தனியாரிடம் காட்டினேன். அட்டையைக் காட்டியும் 800 ரூபாய் ஃபீஸ் வாங்கிவிட்டார்கள். நியாயமா?
– வாசகி, ஓசூர்

அவர்கள் மேல் தப்பில்லை. அட்டை பெரும்பாலும் அட்மிட் ஆகிப் பார்க்கும் சிகிச்சைக்கு. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்றாலும் ஓ.பி. ஃபீஸும் மாத்திரைச் செலவும் அதில் வராது. அரசு மருத்துவமனை ஓ.பி.யில் பணமே கிடையாது.

வாசலில் 'முதலமைச்சர் காப்பீடு உண்டு' என்று போர்டு. பக்கவாதம் வந்த அப்பாவை அங்கே கொண்டுபோனோம். 'நியூரோவுக்கு இல்லை, 40,000 கட்டுங்கள்' என்றார்கள்.
– வாசகர், விழுப்புரம்

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷம் முன்னால் என் அண்ணனுக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. இதே மாதிரி போர்டைப் பார்த்துத்தான் அண்ணி ஆட்டோவை நிறுத்தியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் ரிசப்ஷன் முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். இடது கை நழுவி நழுவிச் சக்கரத்தின் மேல் விழ, அண்ணி அதை எடுத்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் மட்டும்தான் அங்கே காப்பீடு என்று சொல்லவே ஒன்றரை மணி நேரம் ஆக்கினார்கள். அரசு மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது. இன்றும் சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறார்.

மருத்துவமனை திட்டத்தில் இருப்பது வேறு, நரம்பியல் பிரிவு திட்டத்தில் இருப்பது வேறு. அனுமதி பிரிவு பிரிவாகத்தான் கொடுக்கிறார்கள். எந்தெந்தப் பிரிவு என்று அந்தப் போர்டிலேயே எழுத இரண்டு வரி போதும். காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

ஆகவே நோய் வருவதற்கு முன்பே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993-க்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை. உங்கள் மாவட்டத்தில் நரம்பியலுக்கு அனுமதி உள்ள மருத்துவமனைகள் எவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த மருத்துவமனைக்கே போன் செய்து, நியூரோ டாக்டர் தினமும் இருக்கிறாரா, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்து போகிறவரா என்று கேளுங்கள். காப்பீட்டு கவுண்டரில் இருப்பவரிடமே பேசுங்கள். ரிசப்ஷனில் எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்பார்கள்.

பக்கவாதம் வந்த பிறகு இந்த விசாரணையெல்லாம் கூடாது. வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? எழுதுங்கள்.

திட்டத்தில் அப்ரூவல் வந்த பிறகும் முன்பணம் கேட்கிறார்கள்.
– வாசகர், கரூர்

கட்ட வேண்டியதில்லை. கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதைப் பத்திரப்படுத்தி, மேலே சொன்ன அதே 1800 எண்ணில் புகார் கொடுங்கள்.

எனக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறது. நேராகத் தனியார் நியூரோவிடம் போகலாமா?
– வாசகர், திருப்பூர்

கூடாது. முதலில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே நியூரோ இல்லையென்றால் அவர்களே எழுதிக்கொடுக்கும் இடம். ரெஃபரல் கடிதம் இல்லாமல் போனால் பில் உங்கள் தலையில்தான். உயிர் போகும் அவசரம் வேறு விஷயம். அப்போதும் உடனே டிஸ்பென்சரிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

விபத்தில் தம்பிக்குத் தலையில் அடி. அட்டை எடுக்கவே இல்லை.
– வாசகி, திண்டிவனம்

2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு அட்டை கேட்க மாட்டார்கள். இதிலும் மருத்துவமனை பட்டியலில் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் அதற்குள் அட்டைக்கும் எழுதிக்கொடுங்கள்.

மருமகள் பெயர் அட்டையில் இல்லை.
– வாசகி, ஆரணி

முதலில் ரேஷன் கார்டில் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள், பிறகு காப்பீட்டு அட்டையில்.

மகளுக்கு வலிப்பு, வயது 9. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான், ஆனால் 40 கிலோமீட்டர் போக வேண்டும். ஐந்து நாளாக மாத்திரை இல்லை. அட்டையில் வாங்க முடியுமா?
– வாசகி, அரூர் அருகே ஒரு கிராமம்

அட்டையில் மாத்திரை கிடைக்காது. அது இருக்கட்டும், ஐந்து நாள் விட்டதுதான் என்னைப் பதற வைக்கிறது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரலாம். இன்றைக்கே சீட்டோடு பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் குழந்தையைக் கூட்டிப்போங்கள். ஐந்து நாள் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். சில மாத்திரைகளைப் பழைய அளவுக்குச் சட்டென்று கொடுக்கக் கூடாது, சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும். வழியிலேயே வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.