'டம் டம் டம்', இதெல்லாம் இசையா? டெக்னோ, ஹவுஸ் பற்றிக் கேள்வி பதில்

கிளப்களில் ஆடுவதற்கான மின்னணு இசை, அதாவது டெக்னோ, ஹவுஸ், டிரான்ஸ் என்று பேச்செடுத்தாலே கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு உயிர், இன்னொரு கட்சிக்குத் தலைவலி. வந்திருக்கும் கேள்விகளிலும் கோபம்தான் அதிகம். சரி, கோபக்காரர்களிடமிருந்தே ஆரம்பிப்போம்.

கேள்வி: அண்ணா, நேரடியாகவே கேட்கிறேன். ஆறு நிமிடமும் ஒரே 'டம் டம் டம் டம்'. என் கணவர் கண்ணை மூடி ரசிக்கிறார். எனக்கு இரண்டாவது நிமிடமே எரிச்சல் வருகிறது. ஒரே ட்ராக் இரண்டு பேருக்கு இப்படி வேறு வேறாகக் கேட்குமா?

கேட்கும். நீங்கள் இருவரும் கவனிப்பது வேறு வேறு சங்கதி. பாட்டு கேட்டுப் பழகிய காது முதலில் மெட்டைத் தேடும், அப்புறம் வரிகளை. பாடகர் எப்போது வருவார், பல்லவி எப்போது திரும்பும் என்று காத்திருக்கும். டெக்னோவில் அந்த இடம் பெரும்பாலும் காலி. காத்திருந்து ஏமாந்த காதுக்கு மிச்சம் 'டம் டம்' மட்டும்தான்.

உங்கள் கணவர் கவனிப்பது ஒலியின் தன்மையை. ஒரு சாதாரண ஹவுஸ் ட்ராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 128 அடி. நான்கு அடி ஒரு பார் என்றால், நிமிடத்துக்குச் சரியாக 32 பார். முதல் 16 பாருக்கு வெறும் கிக், அதாவது நீங்கள் சொல்லும் அந்த 'டம்'. அப்புறம் இரண்டு கிக்குக்கு நடுவில் 'ட்ஸ்' என்று ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற தட்டு) ஒலி நுழையும். இன்னும் கொஞ்சம் போனால் இரண்டாவது, நான்காவது அடிகளில் ஒரு கைதட்டல் ஒலி. பிறகு பேஸ், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்கள். அந்த பேஸ் நான்கே சுரங்கள்தான், கடைசி வரை அதே நான்குதான். ஆனால் நுழையும்போது அடைத்துக்கொண்டது போல மங்கலாக இருக்கும். ஒலியின் மேல்பகுதியை மறைத்து நிற்கும் ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் திறக்க, இரண்டு நிமிடத்தில் அதே நான்கு சுரங்கள் கரகரவென்று பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். எந்த இடத்தில் மாறியது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கிக்கை மட்டும் கேட்டுவிட்டு ஒன்றுமே மாறவில்லை என்பது, ரயிலில் போகும்போது தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வெளியே ஒன்றும் மாறவில்லை என்பது போலத்தான்.

ஒரு முறை செய்து பாருங்கள். கிக்கை அதன் போக்கில் விட்டுவிட்டு, அதற்கு மேலே கேட்கும் ஏதாவது ஒரு சத்தத்தை மட்டும் மூன்று நிமிடம் பின்தொடருங்கள். அதன் பிறகும் எரிச்சல்தான் என்றால் விட்டுவிடுங்கள். அது உங்கள் ரசனை, கணவரோடு சண்டை போட அதில் ஒன்றுமில்லை.

கேள்வி: திரும்பத் திரும்ப ஓடும் ஒரு ஒலித்துண்டை, அதாவது லூப்பைப் போட்டுவிட்டு பட்டனை அமுக்கினால் போதும், கம்ப்யூட்டரே வாசிக்கிறது. இதில் திறமை எங்கே? நானே என் லேப்டாப்பில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவேன்.

செய்துவிடலாம். லூப் போடுவது உண்மையிலேயே சுலபம். அதே லூப்பை ஏழு நிமிடம் சலிக்காமல் கேட்க வைக்க முடியுமா என்று முயன்று பாருங்கள், அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. கிக்கும் பேஸும் ஒரே தாழ்ந்த அலைவரிசையில் இடத்துக்கு முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கிக் விழும்போதும் பேஸை ஒரு கணம் அமுக்கி வழிவிட வேண்டும். ஹை-ஹாட்டைக் கம்ப்யூட்டர் காட்டும் தாளக் கட்டத்துக்குள் துல்லியமாக வைத்தால் விறைப்பாகக் கேட்கும். சில மில்லிநொடி தள்ளி வைத்தால் கால் தானாக ஆடும்.

இதற்கு நல்ல உதாரணம் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303. 1981-இல் வந்த சின்னப் பெட்டி. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார் கலைஞர்களுக்கு பேஸ் வாசித்துத் துணை நிற்க வேண்டும் என்பது திட்டம். உண்மையான பேஸ் கிடார் போல அது கொஞ்சமும் ஒலிக்கவில்லை. விற்கவில்லை, உற்பத்தியையும் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்ததை சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர் எடுத்துவந்து, சுரங்களை மாற்றாமல் அதன் குமிழ்களை மட்டும் திருகிக்கொண்டே இருந்தார்கள். அப்படி உருவாகி 1987-இல் வந்த ட்ராக் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. சுரம் அதேதான், ஒலி மட்டும் பிழிகிறது, கீச்சிடுகிறது, வழிகிறது. ஆசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்து பிறந்தது.

உங்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பெரிய மேடைகளில் போடும் ஈடிஎம்-இல் (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) அரைத்த மாவையே அரைப்பவர்கள் ஏராளம். அதே ஏற்றம், அதே டிரம் உருட்டல், பீட் திரும்ப வந்து விழும் அதே டிராப். காசு கொடுத்து வாங்கிய ஒலித்துண்டுகளை அடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அதையெல்லாம் காப்பாற்ற நான் வரவில்லை.

கேள்வி: முதல் ஒரு நிமிடம் வெறும் டிரம், கடைசி ஒரு நிமிடமும் வெறும் டிரம். எதற்கு இந்த இழுவை?

அது உங்களுக்காக வைத்ததில்லை, டிஜேக்காக வைத்தது. ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கின் கடைசி டிரம் பகுதியும் அடுத்ததன் முதல் டிரம் பகுதியும் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் ஆட்டம் நிற்காமல் போகும். இரண்டிலும் மெட்டு இருந்தால் மோதிக்கொள்ளும். வீட்டில் தனியாகக் கேட்பதாக இருந்தால் சுருக்கிய ரேடியோ வடிவத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் முழு டிஜே செட்டாகவே கேளுங்கள். தனி ட்ராக் என்பது பாதி சமைத்த பொருள்தான்.

கேள்வி: ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் எல்லாம் எனக்கு ஒன்றாகவே கேட்கிறது.

குத்துமதிப்பாகச் சொல்கிறேன். ஹவுஸ் டிஸ்கோவின் பிள்ளை, நிமிடத்துக்கு 120 அடிக்கு மேல் ஓடும், குரலும் பியானோவும் வரும். டெக்னோ இன்னும் வறட்சி, இன்னும் இயந்திரம். டிரான்ஸ் 130-ஐத் தாண்டும், மெட்டு பெரிதாக இருக்கும், நடுவில் கண்கலங்க வைக்கப் பார்க்கும்.

கேள்வி: சார், மாடி வீட்டுப் பையன் ராத்திரி பதினோரு மணிக்கு இதைப் போடுகிறான். கேட்டால் "ரசிக்கத் தெரியவில்லை" என்கிறான். நான் ரசித்தாக வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். சுவரும் தளமும் உயர்ந்த ஒலிகளைத் தடுத்துவிடும், தாழ்ந்த ஒலிகள் அவ்வளவு எளிதில் அடங்காது. ஆக, அந்த ட்ராக்கில் மாறுகிற விஷயங்கள் எல்லாம் மேலேயே நின்றுவிடுகின்றன, மாறாத ஒன்று மட்டும் உங்கள் கட்டிலுக்கு வந்து சேர்கிறது. அதை யாராலும் ரசிக்க முடியாது. போட்ட பையனையே கீழே படுக்க வைத்தால் அவனும் எழுந்து ஓடுவான். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் தாங்கியில் வைக்கச் சொல்லுங்கள், மூலையிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள், பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள். பதினோரு மணிக்கு என்றால் ஹெட்போன்தான், வேறு பேச்சே இல்லை.

கேள்வி: போனில் கேட்கிறேன். எல்லோரும் சொல்லும் அந்த 'உடம்புக்குள் இறங்கும்' உணர்வு வரவே இல்லையே?

வராது. கிக்கின் அடிப்பகுதி 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். போன் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே போகவே போகாது. 'டம்' போய் 'டிக்' மட்டும் கேட்கும். இந்த இசையைப் பிடிக்காது என்பவர்களில் பலர் அதன் பாதியைக் கேட்டதே இல்லை என்பது என் சந்தேகம். சுமாரான ஹெட்போன் கூடப் போதும்.

கேள்வி: திரும்பத் திரும்ப வருவது கலை ஆகாது, உண்மையான இசையமைப்பாளர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று என் இசை ஆசிரியர் சொல்கிறார்.

ஆசிரியருக்குத் துணையாக ஒரு பெரிய ஆள் இருக்கிறார். 1995-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷ்டாக்ஹவுசனிடம் இளம் எலக்ட்ரானிக் கலைஞர்களின் ட்ராக்குகளைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். மின்னணு இசையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். அந்த இளைஞர்களில் ஒருவரான ஏஃபெக்ஸ் ட்வின் என்னுடைய பழைய படைப்பு ஒன்றைக் கேட்கட்டும், கேட்டால் இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதை விட்டுவிடுவார் என்றார். பதிலுக்கு ஏஃபெக்ஸ் ட்வின், அவர் என்னுடைய ஒரு ட்ராக்கைக் கேட்கட்டும், ஆட முடியாத தாளங்களைப் போடுவதை விட்டுவிடுவார் என்றார். இந்தச் சர்ச்சை முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். ஒருவருக்கு இசை என்பது உட்கார்ந்து பின்தொடர்வது, மற்றவருக்கு உள்ளே நின்று ஆடுவது. இருவரும் தங்கள் அளவில் சரி.

ஆனால் "உண்மையான இசையமைப்பாளர்கள் செய்ய மாட்டார்கள்" என்பது தப்பு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1928-இல் எழுதிய 'பொலேரோ'வில் பக்க டிரம் ஒரே தாளக்கட்டை 169 முறை வாசிக்கிறது. இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் சாட்டி ஒரு சின்னப் பியானோ துண்டின் மேல் 840 முறை என்று குறிப்பு எழுதி வைத்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1960-களில் ஒரே குரல் துண்டை இரண்டு டேப்பில் ஓடவிட்டு, அவை மெல்ல விலகுவதையே இசையாக்கினார். இவர்களை எந்த இசைப் பள்ளியும் வெளியே நிறுத்தவில்லை. உங்கள் ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல், 'பொலேரோ' பிடிக்குமா சார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: திரும்பத் திரும்ப வருவதை மூளை விரும்புகிறது என்கிறார்களே, நிஜமா?

ஓரளவுக்கு. எலிசபெத் மார்குலிஸ் என்ற ஆராய்ச்சியாளர் பேரியோ, கார்ட்டர் போன்ற நவீன இசையமைப்பாளர்களின் படைப்புகளை எடுத்து, அவர்கள் எழுதாத திரும்பல்களை வெட்டி ஒட்டிச் சேர்த்தார். கேட்டவர்களுக்கு ஒட்டுப் போட்டதுதான் அதிகம் பிடித்தது. இன்னொரு வேடிக்கை, திரும்பல் சேர்த்ததைத்தான் மனிதர் எழுதியது போல இருக்கிறது என்றார்கள். திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத்தனம் என்று நாம் சொல்வதற்கு நேர் எதிர்.

அதற்காக எவ்வளவு திரும்பினாலும் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. பழகப் பழகப் பிடிக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் சலிக்கும். அந்தக் கட்டம் ஆளுக்கு ஆள் வேறு. வேலை செய்துகொண்டே கேட்கும்போது தள்ளிப்போகும், கையைக் கட்டி உட்கார்ந்து கேட்டால் சீக்கிரம் வந்துவிடும்.

கேள்வி: ஒரு நாட்டில் இந்த பீட்டுக்கே தடை போட்டார்களாமே, கட்டுக்கதையா?

பாதி நிஜம். பிரிட்டனில் 1994-இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டத்தில், திறந்தவெளியில் இரவில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடி ஆடும் ரேவ் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுத்தார்கள். இசை என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், திரும்பத் திரும்ப வரும் பீட்டுகளின் தொடர்ச்சியை முதன்மையாகக் கொண்ட ஒலிகளும் அதில் அடங்கும் என்று எழுதியே வைத்தார்கள். வீட்டில் கேட்க யாரும் தடை போடவில்லை. கேலிக்கு ஆட்டெக்கர் என்ற இரட்டையர் அதே ஆண்டு ஒரு ட்ராக் வெளியிட்டார்கள். அதில் எந்த இரண்டு பாரும் ஒரே பீட்டாக இருக்காது. அதைப் போடும் டிஜேக்கள் பக்கத்தில் ஒரு வக்கீலையும் ஓர் இசையியல் அறிஞரையும் வைத்துக்கொள்ளவும் என்று உறையில் அறிவுரை வேறு.

கேள்வி: போதை இல்லாமல் இதைக் கேட்க முடியாது என்பார்கள். உங்கள் பதில்?

1980-களின் கடைசியில் பிரிட்டன் ரேவ்களில் எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை புழங்கியது உண்மை, மறைப்பதற்கில்லை. ஆனால் இந்த இசைக்கு வழிபோட்ட நியூயார்க் கிளப்களில் ஒன்றான பாரடைஸ் கராஜில் மதுவே விற்கவில்லை. இன்று ஓடும்போதும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும்போதும் இதைக் கேட்பவர்கள் குடிப்பது பெரும்பாலும் காபிதான்.

கேள்வி: என் அப்பாவுக்கு அறுபது வயது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளின் இரைச்சல்" என்கிறார். வயசு வித்தியாசம்தானே காரணம்?

டெட்ராய்டில் டெக்னோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹுவான் அட்கின்ஸ் 1962-இல் பிறந்தவர். அப்பாவுக்கு அண்ணன் வயசு. மின்னணு இசைக்குழுவான க்ராஃப்ட்வெர்க்கின் ரால்ஃப் ஹுட்டர் பிறந்தது 1946. வயசை இழுக்காதீர்கள் தம்பி, அவர் வேறு இசையில் வளர்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி: பிடிக்காதவன்தான், ஆனால் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே ஆரம்பிக்க?

பாட்டு வேண்டும் என்றால் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்', 1977. பின்னணி ஏறக்குறைய முழுக்க சிந்தசைசர், மேலே மனிதக் குரல், இரண்டு கட்சிக்கும் பொதுவான இடம். இந்திய ராகம் பழகிய காது என்றால் சரண்ஜித் சிங் 1982-இல் போட்ட ராக டிஸ்கோ ஆல்பம். மேலே சொன்ன அதே 303 பெட்டியில், சிகாகோக்காரர்களுக்கு ஐந்து வருடம் முன்பே. பொறுமை உண்டு என்றால் மானுவேல் கோட்ஷிங்கின் 'ஈ2-ஈ4'. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு இரண்டே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்). அதை ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள்.

கேள்வி: கிளப்புக்குப் போய் வந்தால் மறுநாள் வரை காதில் 'கொய்ங்' சத்தம். பீட்டின் குற்றமா?

பீட்டைக் குறை சொல்லாதீர்கள், காரணம் சத்தத்தின் அளவு. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 80 டெசிபெல் என்றால் வாரம் 40 மணி நேரம் தாங்கும், 90 என்றால் 4 மணி நேரம்தான். 100-ஐத் தொட்டால் அரை மணிக்கும் குறைவு. இசைக்காரர்கள் போடும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், அது எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், இசை கெடாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், அவ்வப்போது வெளியே வந்துவிட்டுப் போங்கள். அந்தச் சத்தம் இரண்டு நாள் கழித்தும் நிற்கவில்லை என்றால் காது டாக்டரைப் பாருங்கள்.