வாசகர் கேள்வி–பதில்: ஒரே குளுக்கோஸ், வெவ்வேறு கோவைகள்

கேள்வி: மாவுச்சத்து, தாவரச் செல்சுவரில் உள்ள செல்லுலோஸ் இரண்டுமே குளுக்கோஸால் மட்டும் ஆனவை என்று பாடநூலில் படித்தேன். மூலப்பொருள் ஒன்றே என்னும்போது, ஒன்று செரித்து ஆற்றல் தருவதும் மற்றது செரிக்காமல் நிற்பதும் எதனால்?

பதில்: இந்தப் புதிர் பழையது. 1838-இல் தாவரத் திசுவிலிருந்து செல்லுலோஸைப் பிரித்தெடுத்த பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பேயன், அதில் உள்ள தனிமங்களின் விகிதம் மாவுச்சத்தில் உள்ளதைப் போலவே இருப்பதைக் கண்டார். வேறுபாடு குளுக்கோஸில் இல்லை. ஒரு குளுக்கோஸ் அடுத்ததோடு பிணையும் திசையில்தான் இருக்கிறது.

நீரில் கரைந்த குளுக்கோஸ் பெரும்பாலும் ஐந்து கார்பன்களும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த வளையமாகவே காணப்படும். வளையத்தை வழக்கமான முறையில் வரைந்தால், முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி கீழ்நோக்கி இருப்பது ஆல்ஃபா வடிவம், மேல்நோக்கி இருப்பது பீட்டா வடிவம். தனித்திருக்கும் வரை வளையம் திறந்தும் மூடியும் இவ்விரு வடிவங்களும் மாறிக்கொண்டே இருக்கும். கரைசலில் ஏறத்தாழ 36 விழுக்காடு ஆல்ஃபாவும் 64 விழுக்காடு பீட்டாவும் நிலவுகின்றன. ஆனால் அந்த முதல் கார்பன் அடுத்த குளுக்கோஸின் நான்காம் கார்பனோடு பிணைந்துவிட்டால், அப்போது எத்திசையில் இருந்ததோ அத்திசையிலேயே அது நிலைத்துவிடும்.

மாவுச்சத்தில் உள்ளது ஆல்ஃபா பிணைப்பு. அதனால் கோவை நேராக நீளாமல், சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோஸ் வீதம் சுருள்கிறது. மாவுச்சத்தின் மீது அயோடின் கரைசலை விட்டவுடன் கருநீலம் தோன்றுவது, அயோடின் அணுக்கள் இந்தச் சுருளின் உட்குழியில் வரிசையாகச் சென்று அமர்வதால்தான்; கண்ணுக்குத் தெரியாத வடிவத்தை நிறமாகக் காட்டும் சோதனை அது. செல்லுலோஸில் உள்ளதோ பீட்டா பிணைப்பு. அங்கே ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்கு 180 பாகை திரும்பி நிற்பதால் கோவை நேராக நீள்கிறது. பக்கத்துக் கோவைகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் நெருங்கி அடுக்கப்பட்டு, நீரும் நொதியும் எளிதில் புக முடியாத இழையாகிறது. அயோடினுக்கு இடமளிக்கும் குழி இல்லாததால் கருநீலமும் தோன்றுவதில்லை.

நம் உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் நொதி ஆல்ஃபா பிணைப்பின் வளைவுக்குப் பொருந்துமாறு அமைந்தது. பீட்டா பிணைப்பு என்றாலே மனிதருக்குச் செரிக்காது என்று சில நூல்கள் எழுதுவது மட்டும் அவசர முடிவு: பால் சர்க்கரையான லாக்டோஸில் இருப்பதும் பீட்டா பிணைப்பே, அதை வெட்டும் லாக்டேஸ் நம் குழந்தைப் பருவத்தில் தாராளமாகச் சுரக்கிறது. அந்த நொதி செல்லுலோஸை வெட்டாது என்பதுதான் சரியான கூற்று. அசைபோடும் விலங்குகள் செல்லுலோஸால் பயனடைவதும், அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அதற்கான நொதியைச் சுரப்பதால்தான்.

கேள்வி: உடல் குளுக்கோஸை அப்படியே சேமித்து வைக்காமல், கிளைகோஜன் என்ற நீண்ட குளுக்கோஸ் கோவையாக மாற்றி, பிறகு மீண்டும் உடைப்பது வீண்வேலை அல்லவா?

பதில்: பார்வைக்கு அப்படித் தோன்றலாம், ஆனால் மாற்றாமல் விட்டால் செல் பிழைக்காது. செல்லின் சவ்வு வழியே நீர் எந்தப் பக்கம் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கையே தவிர அவற்றின் பருமன் அல்ல. கல்லீரல் செல்லின் கிளைகோஜன் முழுவதும் தனித்தனி குளுக்கோஸாகக் கரைந்திருந்தால் அதன் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 மோலாக இருக்கும். இரத்தத்தில் உள்ள குளுக்கோஸின் செறிவோ 0.005 மோல்தான். இந்த எண்பது மடங்கு வேறுபாட்டில் நீர் உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடும். பல்லாயிரம் குளுக்கோஸை ஒரே மூலக்கூறாகக் கோத்துவிட்டால் துகள் எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

கிளைகோஜன் கோவை கிளைகளாகப் பிரிந்திருப்பதற்கும் காரணம் உண்டு. கிளைகோஜனை உடைக்கும் நொதி கோவையின் நுனியிலிருந்துதான் குளுக்கோஸைக் கழற்ற முடியும்; எனவே நுனிகள் அதிகமானால் ஒரே நேரத்தில் கழற்றும் வேகமும் கூடும். மாவுச்சத்தின் கிளைத்த பகுதியான அமைலோபெக்டினில் 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒரு கிளை. கிளைகோஜனில் 8 முதல் 12 குளுக்கோஸுக்கு ஒன்று. தாவரம் ஆபத்தைக் கண்டு ஓட வேண்டியதில்லை, விலங்குக்கு அந்தத் தேவை உண்டு என்று வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு பொருத்தமாகவே தெரிகிறது. இன்னொன்று: தசையில் உள்ள கிளைகோஜன் அந்தத் தசைக்கே பயன்படும். கிளைகோஜன் உடையும்போது குளுக்கோஸோடு ஒட்டி நிற்கும் பாஸ்பேட்டை நீக்கி, குளுக்கோஸைச் செல்லுக்கு வெளியே விடும் நொதி தசையில் இல்லாததால், இரத்தச் சர்க்கரையைத் தாங்கும் பொறுப்பு கல்லீரலுக்கே உரியது.

கேள்வி: ஆற்றல் தருவதும், செல்லுலோஸைப் போலத் தாவர உடலைத் தாங்கி நிற்பதும் தவிர, சர்க்கரையும் அதன் கோவைகளும் அடங்கிய கார்போஹைட்ரேட்டுக்கு வேறு பணி உண்டா?

பதில்: அடையாளம் காட்டுவதும் அதன் பணியே, அது சிறிய பணி அல்ல. இரத்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் புரதங்களோடும் கொழுப்புகளோடும் ஒட்டிய சிறு சர்க்கரைக் கோவைகள் உள்ளன. 1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் விவரித்த இரத்த வகைகள் இந்தக் கோவைகளின் நுனியைப் பொறுத்தவை: நுனியில் கேலக்டோஸ் கூடுதலாகச் சேர்ந்தால் பி வகை, அதே கேலக்டோஸின் இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சிலுக்குப் பதிலாக அசிட்டைலேற்றம் பெற்ற அமினோ தொகுதி இருந்தால் ஏ வகை, இரண்டும் சேராமல் நின்றால் ஓ வகை. ஒரு சர்க்கரையின் ஒரே கார்பனில் உள்ள இந்த வேறுபாட்டை நம் எதிர்ப்பொருள்கள் தவறாமல் கண்டுகொள்வதால்தான், வகை பொருந்தாத இரத்தத்தை ஏற்றுவது உயிருக்கே ஆபத்தாகிறது. இன்ஃபுளூயன்சா வைரஸும் நம் சுவாசப் பாதைச் செல்களின் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகிறது. மரபுப் பொருளான டி.என்.ஏ.யின் முதுகெலும்பிலும் டிஆக்சிரைபோஸ் என்ற ஐங்கார்பன் சர்க்கரை இருக்கிறது.

கேள்வி: செரிக்காத நார்ச்சத்தால் உடலுக்கு ஊட்டம் ஏதும் இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. செல்லுலோஸ் பெருங்குடலில் குறைவாகவே சிதைகிறது. ஆனால் பெக்டின் போன்ற கரையும் நார்களை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் முதலான குறுங்கோவைக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதியை அந்தப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன.