ஒரே கோடையில் கரிம வேதியியல் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

நியூ ஜெர்சியில் பொருளாதாரப் பட்டம் பெற்று இரண்டாண்டுகளாக வேலை பார்த்துவரும் தங்கள் மகள் மருத்துவராக விரும்புகிறார் என்றும், அதற்கு வேண்டிய அறிவியல் பாடங்கள் அனைத்தையும் ஒரு கோடையிலும் அதையடுத்த ஒரு செமஸ்டரிலும் முடித்துவிட்டால் ஓராண்டு மிச்சமாகும் என்றும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு இருபத்துநான்கு வயதாகிவிட்டதே என்ற தங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எம்பிபிஎஸ் சேர்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தாமதமாகவே தோன்றும். அமெரிக்காவிலோ மருத்துவக் கல்லூரியே பட்டப்படிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் முதலாண்டில் சேர்பவர்கள் அங்கே ஏராளம்.

பெரும்பாலான கல்லூரிகள் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு ஓராண்டு வீதம் கேட்கின்றன. உயிர்வேதியியலும் பல இடங்களில் கட்டாயம். இவற்றில் கரிம வேதியியலைக் கோடையில் எட்டு வாரத்தில் முடிப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. இரண்டு செமஸ்டர்களில், ஏறக்குறைய முப்பது வாரங்களில் நடக்கும் பாடம் அது. எட்டு வாரத்தில் படிப்பவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் கிட்டத்தட்ட ஒரு மாதப் பாடத்தை இழந்துவிடுவார். வினை வழிமுறைகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்து, சில நாள் விட்டு மறுபடி எழுதும்போதுதான் அவை மனத்தில் தங்குகின்றன. அந்த இடைவெளி கோடை வகுப்பில் கிடைப்பதில்லை.

அங்கே வாங்கும் மதிப்பெண் விண்ணப்பத்தை விட்டு நீங்குவதும் இல்லை. எம்.டி. (அமெரிக்காவில் இதுவே முதல் மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்கெனத் தனி ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், போடுகிறது. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண் இரண்டையும் அது சேர்த்துக்கொள்ளும். கணிதத்தை விட்டுவிட்டு, தலா நான்கு கிரெடிட் கொண்ட எட்டு வகுப்புகள் என்று வைத்துக்கொள்வோம்: ஆறில் ‘ஏ’ (4) வாங்கி, கரிம வேதியியலின் இரு பகுதிகளிலும் ‘சி’ (2) வாங்கினால் ஜிபிஏ 3.5 ஆகிவிடும். மிச்சம் பிடித்த ஓராண்டு இந்தச் சரிவுக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

விரைவு வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரின் மார், கவுச்சர் போன்ற கல்லூரிகளில், பட்டம் பெற்றபின் மருத்துவத்துக்குத் திரும்புபவர்களுக்கென்றே ஓராண்டுத் திட்டங்கள் உள்ளன. அங்கேயும் கோடையில் பொது வேதியியலைத்தான் விரைவாக நடத்துகிறார்கள்; கரிம வேதியியல் கல்வியாண்டு முழுவதும் நடக்கிறது. அந்த மாணவர்கள் முழுநேரமும் படிப்பவர்கள் என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டும்.

தங்கள் மகளுக்கும் இதே வரிசை பொருந்தும். வரும் கோடையில் பொது வேதியியலை மட்டும் படிக்கட்டும். அந்த வாரங்களில் வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாவிட்டால் அதையும் தள்ளிப்போடலாம். அடுத்த கல்வியாண்டில் கரிம வேதியியலும் உயிரியலும், அதற்கடுத்த கோடையில் இயற்பியலும், பின்னர் ஒரு செமஸ்டரில் உயிர்வேதியியலும் உளவியலும் படிக்கலாம். 2015-இல் மாற்றியமைக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் இவ்விரண்டுக்கும் கணிசமான இடம் உண்டு. அந்த செமஸ்டரை அடுத்து வரும் வசந்தத்தில் எம்கேட் எழுதி, மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ விண்ணப்பித்தால், அதற்கடுத்த ஆண்டின் கோடை இறுதியில் கல்லூரியில் சேரலாம். விண்ணப்பத்துக்கும் சேர்க்கைக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் எப்படியும் ஓடும். பாடங்களை நெருக்கினாலும் அது குறையாது.

பரிந்துரைக் கடிதங்களையும் நினைவில் கொள்ளுங்கள். பல கல்லூரிகள் அறிவியல் பேராசிரியர்களின் கடிதங்களைக் கேட்கின்றன. எட்டு வாரமே பார்த்த மாணவியைப் பற்றி எந்தப் பேராசிரியராலும் விரிவாக எழுத இயலாது. ஓராண்டு முழுவதும் தம்மிடம் வந்து சந்தேகம் கேட்டவரைப் பற்றி எழுதுவார்.

தங்கள் குடும்பத்துக்கு கிரீன் கார்டு கிடைத்துவிட்டதா என்பதைக் கடிதத்தில் தாங்கள் குறிப்பிடவில்லை. விசாவில் இருப்பவர்களைச் சேர்க்கும் எம்.டி. கல்லூரிகள் குறைவு என்பதால், பாடங்களைத் திட்டமிடும் முன் இதை எனக்குத் தெரிவியுங்கள். இணையவழி ஆய்வக வகுப்பைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. ஆகவே மகள் விரும்பும் கல்லூரிகளின் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். கோடை வகுப்புக்குப் பணம் கட்டும் முன், பதிவேட்டில் தடம் விழாமல் விலகுவதற்குக் கடைசி நாள் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோடையில் அது பெரும்பாலும் வகுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே கடந்துவிடும்.