கேளுங்கள், சொல்கிறேன்: லாம்பெடூசாக்காரர்கள்

கே: அகதிகள் படகு கவிழ்ந்த செய்தி வரும்போதெல்லாம் லாம்பெடூசா என்ற தீவின் பெயரும் வருகிறது. அங்கே ஊர், ஜனம் என்று ஏதாவது உண்டா, இல்லை முகாம் மட்டும்தானா?
– ஒரு வாசகி, காரைக்குடி

ப: ஊர் இல்லாமலா? சுமார் 6,000 பேர் இருக்கிறார்கள். மீன்பிடியும் கோடைச் சுற்றுலாவும்தான் பிழைப்பு. தீவு இத்தாலியுடையது, ஆனால் இத்தாலியின் பெரிய தீவான சிசிலியைவிட ஆப்பிரிக்க நாடான துனீசியாதான் கிட்டே. வட ஆப்பிரிக்காவில் கிளம்பும் படகுகள் இந்தக் கரையைக் குறிவைப்பது அதனால்தான். 2013-இல் ஒரு பயண இணையதளம் உலகின் சிறந்த கடற்கரை என்று இங்கே முயல் தீவு என்ற குட்டித் தீவை ஒட்டியுள்ள கடற்கரைக்குப் பட்டம் கொடுத்தது. அதே வருடம் அக்டோபர் 3 விடியற்காலை, அதே முயல் தீவுக்குப் பக்கத்தில் ஒரு படகு கவிழ்ந்து 368 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் எரித்ரியா நாட்டவர்கள்.

கே: அன்று உள்ளூர்க்காரர்கள் யாரும் காப்பாற்றப் போகவில்லையா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: போனார்கள். முந்தின ராத்திரி ஒரே படகில் உல்லாசமாகக் கிளம்பிய எட்டு நண்பர்கள், தூரத்தில் கேட்ட கூச்சலைக் கடற்பறவைகள் என்றே முதலில் நினைத்தார்கள். கிட்டே போனால் தண்ணீர் முழுக்க மனிதர்கள். உடம்பெல்லாம் டீசல், கையைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படியும் 47 பேரை ஏற்றிவிட்டார்கள். அந்தச் சின்னப் படகில்!

ஆனால் காப்பாற்றப் போனால் வம்பு என்ற பயமும் அந்தக் கடலில் உண்டு. 2007-இல் துனீசிய மீனவர்கள் 44 பேரை மீட்டு இதே தீவுக்குக் கொண்டுவந்தபோது, ஆள் கடத்துகிறவர்கள்போல அந்த மீனவர்களையே இத்தாலிய அதிகாரிகள் கைது செய்து, படகுகளையும் பறித்தார்கள். வழக்கு இழுத்தடித்து மேல்முறையீட்டில் விடுதலை கிடைக்க 2011 ஆகிவிட்டது. படகு இல்லாத மீனவன் அதுவரை எதைத் தின்பான்? சட்டம் போட்டவர்களைக் கேட்க வேண்டும்.

கே: தீவுக்காரர்களுக்கு எரிச்சலே வராதா சார்?
– ஓய்வுபெற்ற தபால்காரர், விருத்தாசலம்

ப: வராமல் என்ன? மூழ்கிக் கிடக்கும் பழைய படகுகளில் சிக்கி வலை கிழிகிறது. புது வலைக்குக் காசு யார் தருவது? ஊரில் பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி கிடையாது, நிறைமாதத்தில் சிசிலிக்குப் போய்த் தங்கிப் பெற்றுக்கொண்டு வர வேண்டும். 2023 செப்டம்பரில் சில நாட்களுக்குள் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் பேர் வந்து இறங்கினார்கள். அரசாங்கம் புதிதாகக் கூடாரம் போடப் போகிறது என்றதும் ஜனங்கள் தெருவில் இறங்கிச் சண்டை போட்டார்கள். கோபம் ரோமாபுரியின் மேல். வந்தவர்களுக்கு அதே வாரம் அதே ஊர்க்காரர்கள் பாஸ்தா சமைத்துப் போட்டுக்கொண்டும் இருந்தார்கள்.