பொத்தானை அழுத்தினால் யார் வருவார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் சொந்த மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார், நான் பொங்கோலில் இருக்கிறேன். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார், நல்லவேளை எலும்பு முறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தானாகக் கதவைத் தட்டி வந்து, கழுத்தில் மாட்டும் அவசர அழைப்புப் பொத்தான், மாதம் 45 வெள்ளி (டாலர்), இரண்டு வருட ஒப்பந்தம், அரசாங்கம் அங்கீகரித்தது என்றெல்லாம் சொல்லி அம்மாவிடம் கையெழுத்தும் 100 வெள்ளி முன்பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதையே வைத்துக்கொள்ளலாமா, கைக்கடிகாரம் மாதிரி ஏதாவது வாங்கித் தரலாமா?

பதில்: எந்தப் பொத்தான் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள், இன்றைக்கே. கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து விற்றவரிடம் போட்ட ஒப்பந்தத்தை ஐந்து நாளுக்குள் ரத்து செய்ய இங்கே சட்டம் இடம் தருகிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை அந்த ஐந்தில் சேராது. வாட்ஸ்அப்பில் "வேண்டாம்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டவர் அம்மா, அதனால் கடிதமும் அம்மா பெயரில், அம்மா கையெழுத்தோடு, தேதி போட்டுப் போக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், இரண்டுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இந்த ஐந்து நாள் உரிமை, அவர் தானாக வந்து நின்றால்தான். நீங்களே ஃபோன் போட்டு "வந்து காட்டுங்கள்" என்று கூப்பிட்டிருந்தால், அதே ஆள், அதே சோபா, அதே தாளாக இருந்தாலும் அந்த உரிமையைப் பேச முடியாது. கடைக்குப் போய் வாங்கினாலும் அப்படித்தான். இது தெரிந்த விற்பனையாளர்கள், "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் வந்தோம்" என்று சின்ன எழுத்தில் ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். அம்மாவிடம் இருக்கும் தாளை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவரை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்தார் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். மறுத்தால் கேஸ் என்கிற பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், அங்கும் முடியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. அரசாங்க அங்கீகாரம் என்றாரே, அதற்கு ஒரு தாளாவது காட்டினாரா? அரசாங்கம் ஆள் அனுப்பி வீடு வீடாகப் பொத்தான் விற்பதில்லை.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். எந்தக் கருவி நல்லது என்று எல்லாரும் கேட்கிறார்கள், அழுத்திய பிறகு யார் வருவார்கள், எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் நீர்ச்சத்து குறையும், அழுந்திய இடத்தில் தோலும் தசையும் கெட ஆரம்பிக்கும், அதனால் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கலாம். எலும்பு முறியாத ஒரு சாதாரண விழுகை அப்படித்தான் பெரிய நோயாகிறது. பொங்கோலிலிருந்து நீங்கள் கிளம்பி வந்து சேர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அதனால் முதல் ஆள் நீங்கள் இல்லை, அதே மாடியில் இருக்கும் ஒருவர். அவரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும்.

சாவி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் வீடுகளில் வெளியே இரும்புக் கேட், அதற்கு ஒரு பூட்டு, உள்ளே மரக்கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். தனியாக இருக்கும் பெரியவர்கள் பயத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் படுப்பார்கள். தீயணைப்பும் ஆம்புலன்ஸும் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படை வந்தால் உடைத்துத் திறப்பார்கள், ஆனால் அதற்கும் நேரம் போகும். உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். எண் அழுத்தித் திறக்கும் டிஜிட்டல் பூட்டு போட முடிந்தால் போடுங்கள், மாதாமாதம் 45 வெள்ளி கொடுப்பதைவிட அது உருப்படியான செலவு.

2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களைப் பற்றியது. அவசர அழைப்பு வசதி இருந்தும், தனியாக விழுந்தவர்களில் 80 விழுக்காட்டினர் அதைப் பயன்படுத்தவில்லை. நான் வீடுகளுக்குப் போகும்போதும் இதைத்தான் பார்க்கிறேன். பொத்தான் ஆணியில் தொங்கும், அம்மா குளியலறையில் இருப்பார். நகையைக் கழற்றி வைப்பது போல அதையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறார்கள். ஆகவே தண்ணீர் பட்டாலும் கெடாத, குளிக்கும்போதும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒன்றாக வாங்குங்கள். கழுத்தில் மாட்டப் பிடிக்காதவருக்கு மணிக்கட்டில் கட்டுவதாகப் பாருங்கள்.

கைக்கடிகாரம் பற்றிக் கேட்டீர்கள். ஆப்பிள் வாட்ச் போன்றவை பலமாக விழுந்தால் கண்டுபிடிக்கும், சுமார் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் தானாகவே அவசர எண்ணை அழைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் சுவரோடு சரிந்து மெதுவாக உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் தெரியாது, அம்மா போன மாதம் விழுந்தது எந்த மாதிரி என்று கேட்டுப் பாருங்கள். அதைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டும். 79 வயதில் கைத்தொலைபேசியையே சார்ஜ் போட மறப்பவராக இருந்தால் கடிகாரம் மேசையில்தான் கிடக்கும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பொத்தான்களில் இன்னொரு வம்பு இருக்கிறது. 2ஜி சேவை 2017இலேயே இங்கே நின்றுவிட்டது, 3ஜியும் 2024இல் நின்றுவிட்டது. பழைய சரக்கை இன்னும் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். 4ஜி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பேச்சும் 4ஜி வழியாகவே போகிற வோல்டி வசதி இருக்கிறதா, உங்கள் சிம்முடன் அது வேலை செய்கிறதா என்று கடையிலேயே அழைத்துப் பாருங்கள். வைஃபையை நம்பி ஓடுகிற கருவி வேண்டாம். நம் பெரியவர்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவார்கள், ரூட்டரும் சேர்ந்து போய்விடும்.

மாதச் சந்தாவோடு 24 மணி நேரக் கண்காணிப்பு மையம் வேண்டுமென்றால் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். இரவு 2 மணிக்கு நீங்களே அழுத்தித் தமிழில் மட்டும் பேசுங்கள். விழுந்து பயந்துபோன அம்மாவுக்கு ஆங்கிலமும் வராது, மலாயும் வராது. எதிர்முனையில் தமிழ் புரிந்த ஆள் இல்லை என்றால் அந்த 24 மணி நேரம் என்ற வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. மாதத்துக்கு மாதம் நிறுத்திக்கொள்ளக்கூடிய சேவையாக எடுங்கள், இரண்டு வருடம் என்று யார் சொன்னாலும் போடாதீர்கள்.

அரசாங்கம் எதுவும் தராதா என்றால், முதியோருக்கான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடுகளில் அவசர அழைப்புக் கருவியை அவர்களே பொருத்துகிறார்கள். சொந்த வீட்டில் தனியாக இருப்பவருக்கு அப்படித் தானாக வருவதில்லை. விழுந்தால் வலி இரண்டு வீட்டிலும் ஒன்றுதானே, இதை ஏன் வீட்டு வகையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கைப்பிடிக்கு ஓர் இடம், சக்கர நாற்காலிக்கு வேறு இடம், வந்து விசாரித்துப் போகும் ஆளுக்கு இன்னோர் இடம், ஒவ்வொன்றுக்கும் தனித் தாள், அரசாங்க இணையச் சேவைக்கான தனி சிங்பாஸ் நுழைவு. வேலைக்கும் போய்க்கொண்டு அம்மாவையும் பார்த்துக்கொள்கிற ஒரு மகளிடம் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இருந்தாலும் இரண்டைச் செய்துவிடுங்கள். முதியோருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றித் தரும் வீவகவின் ஈஸ் திட்டத்தில் குளியலறைக் கைப்பிடிக்கும் வழுக்காத தரைக்கும் விண்ணப்பியுங்கள். 65 வயதைத் தாண்டிய குடிமக்கள் இருக்கும் மூவறை வீட்டுக்குச் செலவில் 95 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கும், அம்மாவுக்கு அது கிடைக்கும். அப்புறம் முதியோர் பராமரிப்புச் சேவைகளை ஒருங்கிணைக்கும் ஏஐசி அமைப்பை 1800 650 6060 எண்ணில் அழைத்து, அம்மாவின் புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் துடிப்பாக மூப்படைதல் நிலையம் எது என்று கேட்டு அவர் பெயரைக் கொடுங்கள். அங்கிருந்து அவ்வப்போது யாராவது வந்து பார்ப்பார்கள், இல்லையென்றால் ஃபோனாவது செய்வார்கள். பொத்தானை அழுத்த முடியாமல் போகிற நாளில் அந்த ஃபோனை அம்மா எடுக்கவில்லை என்பதே ஒருவருக்குத் தெரியவரும்.

நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது இதற்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக ஆம்புலன்ஸ் எண் 995. அம்மாவின் ஃபோனில் அந்த எண்ணை முதல் பொத்தானில் போட்டு, புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபோனுக்கு மேலே ஒட்டி வையுங்கள்.