'புது மாடல்' மின்காரில் 11 கிலோவாட் சார்ஜர் இல்லை: ஷோரூம் நீட்டும் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: 2024 டிசம்பரில் "2025 மாடல்" என்று சொல்லி ஒரு மின்சாரக் காரை புக் செய்தேன். 18,65,000 ரூபாய் கட்டி, ஜனவரியில் டெலிவரி எடுத்தேன். இப்போது மூன்று விஷயங்கள் தெரியவந்துள்ளன. விற்பனைப் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரசுரத்தில் 11 கிலோவாட் ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜிங் என்று இருக்கிறது. என் வண்டி 7.2-ஐத் தாண்டுவதே இல்லை. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் 10/2024 என்று இருக்கிறது. ஒரு சார்ஜுக்கு 465 கி.மீ. என்றார்கள், கோவை, சேலம் போய்வந்தால் 320-ஐ எட்டவில்லை. சார்ஜிங் பிரச்சினை அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் சரியாகும் என்கிறது ஷோரூம். 40,000 ரூபாய்க்கு துணைப்பொருட்கள் இலவசமாகத் தருவதாகச் சொல்லி, "எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டால் வண்டியை மாற்றித் தருவார்களா?
— ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்ற பொருளில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். மிரட்டி வாங்கினார்கள், ஏமாற்றி வாங்கினார்கள் என்று அதை உடைக்கலாம். ஆனால் நிரூபிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். டெலிவரியன்று "முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று நீங்கள் போட்டிருக்கும் கையெழுத்து வேறு வகை. அன்று கண்ணுக்குத் தெரியாத குறைக்கு அது தடையாகாது. அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் மூன்று புகார்களையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். மூன்றுக்கும் பொறுப்பாளி வேறு, சாட்சியம் வேறு, பலமும் வேறு. சார்ஜர் புகார் பலமானது. தயாரிப்பு மாதப் புகார் ஓரளவு நிற்கும். ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம் பற்றிய புகார், இப்போதைய நிலையில் பலவீனமானது. பலவீனமானதை முன்னால் வைத்து வாதாடினால் பலமானதும் சேர்ந்து நீர்த்துப்போகும்.

முதலில் சார்ஜர். 11 கிலோவாட் என்பது மும்முனை மின்சாரத்தில், ஒரு முனைக்கு 16 ஆம்பியர் வீதம் 230 வோல்ட்டில் வரும் கணக்கு. ஒருமுனையில் 32 ஆம்பியர் இழுத்தாலும் 7.4 கிலோவாட்டுக்கு மேல் வராது. ஆகவே உங்கள் வீட்டு இணைப்பு ஒருமுனை என்றால், வண்டியில் 11 கிலோவாட் சார்ஜர் இருந்தாலும் அது 7.2-ஐத் தாண்டாமல் இருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி இதுவாகவே இருக்கும். எனவே வீட்டு மீட்டரின் படம் மட்டும் சாட்சியாகாது. 11 கிலோவாட்டோ அதற்கு மேலோ தரும் மும்முனை டைப்-2 ஏசி சார்ஜரில், மும்முனைக் கேபிளோடு வண்டியை இணைத்துப் பாருங்கள். ஒருமுனைக் கேபிளும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கேபிளில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். பேட்டரி 30 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும்போது சோதியுங்கள். நிறையப் போகும் நேரத்தில் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று. வண்டியின் சார்ஜிங் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே தெரியும் இரண்டு பெரிய முனைகள் டிசி வேகச் சார்ஜிங்குக்கு. மேலே உள்ள வட்டத்தில் ஏழு இடங்கள் இருக்கும்: மேல்வரிசையில் சிறியதாக இரண்டு, நடுவரிசையில் மூன்று, அடிவரிசையில் இரண்டு. அந்த அடிவரிசை இரண்டும்தான் இரண்டாம், மூன்றாம் முனைகள். அங்கே உலோக முள் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் குழி தெரிந்தால், அந்த வண்டி மும்முனை மின்சாரத்தை வாங்கவே முடியாது. எந்த அப்டேட்டும் இல்லாத முள்ளை முளைக்க வைக்காது! முள் இருந்தால் மட்டுமே "சாஃப்ட்வேரில் கட்டுப்படுத்தியிருக்கிறோம்" என்ற பதிலுக்கு இடமுண்டு. அப்போதும் உள்ளே இருக்கும் சார்ஜரின் பார்ட் நம்பரைப் பார்த்தால்தான் உறுதியாகும். சேசிஸ் நம்பர் தகடு, கிலோமீட்டர் கணக்கு, திறந்த சார்ஜிங் மூடி மூன்றும் வெட்டில்லாமல் ஒரே வீடியோவில் வரும்படி எடுங்கள்.

இந்த வேலையை அடுத்த அப்டேட்டுக்கு முன் முடித்துவிடுங்கள். வண்டியின் திரையில் சாஃப்ட்வேர் பதிப்பு எண் வரும் பக்கத்தையும் சார்ஜிங் வேகம் காட்டும் பக்கத்தையும் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அப்டேட்டுக்குச் சம்மதியுங்கள். அப்டேட் ஏறிய வண்டியில் பழைய நிலையைக் காட்ட வழியிருக்காது. மின்கார் வழக்குகளில் சாட்சியம் தானாக அழிந்துபோகும் இடம் இதுதான்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(10), "குறைபாடு" என்பதற்குள் விற்பவர் எந்த வகையிலாவது உரிமைகொண்டாடிய தரத்தில் ஏற்படும் குறைவையும் சேர்க்கிறது. அச்சிட்ட பிரசுரமும் அதில் வரும், ஷோரூம் அனுப்பிய வாட்ஸ்அப்பும் வரும். "விற்பவர்" என்பதில் உற்பத்தியாளரும் அடக்கம். பிரிவு 2(47), பொருள் ஒரு குறிப்பிட்ட தரம், பாணி, மாடலைச் சேர்ந்தது என்று பொய்யாகச் சொல்வதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. "மாடல்" என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 2(28) தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பற்றியது. இந்த மூன்றின் மீது புகாரைக் கட்டுங்கள்.

பலர் பிரிவு 82 முதல் 87 வரையுள்ள "பொருள் பொறுப்பு" அத்தியாயத்தை நோட்டீஸில் அள்ளிப் போடுகிறார்கள். பெயர் கம்பீரமாக இருப்பதால் வரும் ஆசை. உங்களுக்கு அது பொருந்தாது. அந்த அத்தியாயம் "தீங்கு" நேர்ந்தால்தான் வேலைசெய்யும். பொருளுக்கே ஏற்பட்ட சேதமும், வெறும் பொருளாதார இழப்பும் தீங்கு ஆகாது என்று பிரிவு 2(22) விலக்கி வைத்திருக்கிறது. பேட்டரி தீப்பிடித்து ஆளுக்குக் காயம் என்றால் அந்த அத்தியாயம். சார்ஜர் சிறியது என்பதற்கு அல்ல.

பிரசுரத்தின் அடியில் "விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம்", "சில வேரியன்ட்களில் மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். இரண்டாவதைக் கவனமாகப் பாருங்கள். நீங்கள் வாங்கிய வேரியன்ட்டின் பத்தியில் 11 கிலோவாட்டுக்கு நேரே டிக் இருந்தால்தான் வழக்கு. மேல் வேரியன்ட்டுக்கு மட்டும் டிக் இருந்தால், உங்கள் வேரியன்ட்டுக்கும் உண்டு என்று பிரதிநிதி எழுதிய செய்தி தேவைப்படும். பிரசுரத்தின் கடைசிப் பக்க மூலையில் அச்சிட்ட மாதமோ பதிப்புக் குறியோ இருக்கும். புக்கிங் தேதிக்கு முந்தையது உங்களிடம் இருக்க வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் இருப்பதை நம்பாதீர்கள், அது எப்போது வேண்டுமானாலும் மாறும்.

இரண்டாவது, தயாரிப்பு மாதம். அமெரிக்காவில் போல "மாடல் ஆண்டு" என்பதற்கு நம் ஊர்ப் பதிவேட்டில் தனி இடம் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 122, சேசிஸ் எண்ணோடு தயாரிப்பு மாதத்தையும் பொறிக்கச் சொல்கிறது. விற்பனைச் சான்றான படிவம் 21-லும் தயாரிப்பு மாதமும் ஆண்டும் எழுதியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் 17 எழுத்து சேசிஸ் எண்ணின் பத்தாவது இடம் ஆண்டைக் காட்டும்: 2024 என்றால் ஆர், 2025 என்றால் எஸ். ஆனால் அதை வைத்து வாதாட வேண்டாம், ஆர்.சி.யும் படிவம் 21-ம் போதும்.

அக்டோபரில் செய்த வண்டியை ஜனவரியில் விற்பது தன்னளவில் குற்றமில்லை. மறைத்து விற்றதுதான் குற்றம். புக்கிங் படிவத்திலோ விலைப்பட்டியலிலோ "2025" என்று எழுதியிருக்கிறதா, ஆண்டுக் கடைசி இருப்புக்கான தள்ளுபடி கொடுத்தார்களா என்று பாருங்கள். தள்ளுபடி வாங்கியிருந்தால் தெரிந்தே வாங்கினீர்கள் என்பார்கள். கூடவே நிறுவனத்தின் ஆப்பில் உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். டிசம்பர் இலக்கை எட்டுவதற்காக வண்டியைக் கணக்கில் முன்னதாகவே விற்றதாகக் காட்டியிருந்தால், உங்கள் எட்டு வருட பேட்டரி உத்தரவாதத்தில் சில வாரங்கள் ஏற்கெனவே கரைந்திருக்கும். அதைத் திருத்தித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சண்டையில்லாமல் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 2011 மாடல் கேட்டவருக்கு, 2009-ல் தயாராகி 622 கி.மீ. ஓடிய காரைத் தலையில் கட்டப் பார்த்த கோவா டீலர் வழக்கு அது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், டாடா மோட்டார்ஸின் மேல்முறையீட்டை ஏற்று அந்த நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. டீலர் உற்பத்தியாளரின் முகவர் அல்ல, இருவரும் தனித்தனி வியாபாரிகள். டீலரின் செய்கை உற்பத்தியாளருக்குத் தெரியும் என்று காட்டாதவரை அவர் மேல் பழி போட முடியாது என்பது காரணம். ஆகவே தயாரிப்பு மாதத்துக்கு டீலரையும், பிரசுரத்தில் இருந்த 11 கிலோவாட்டுக்கு அதை அச்சிட்ட உற்பத்தியாளரையும் தனித்தனிப் பத்திகளில் குறிப்பிடுங்கள். இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஆனால் "இருவரும் சேர்ந்து ஏமாற்றினார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள்.

மூன்றாவது, ரேஞ்ச். 465 என்பது ஆய்வகத்தில் உருளைகள் மீது ஏசி போடாமல் ஓட்டி எடுக்கும் கணக்கு. அந்தச் சோதனைக்கான இந்திய ஓட்டச் சுழற்சியின் முதல் பகுதி நகர வேகம். இரண்டாம் பகுதியில்கூட உச்ச வேகம் 90 கி.மீ. தான். நீங்கள் சேலம் சாலையில் 100-ல் ஏசியோடு போகிறீர்கள். "சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச்" என்று அச்சிட்டிருந்தால் அது பொய்யாகாது. "நெடுஞ்சாலையில் 450 கட்டாயம் வரும், சார்" என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. பேட்டரியே குறைவான கொள்ளளவோடு வந்திருக்கிறதா என்பதை மட்டும் சோதித்துவிடுங்கள். 50 யூனிட் பேட்டரி என்றால், 20 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்ற 40 யூனிட் உள்ளே போக வேண்டும். சார்ஜிங் இழப்போடு சுவர் மீட்டரில் 43 முதல் 46 வரை ஓடும். மூன்று முறை பார்த்தும் 35-க்குள் நின்றால் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு (புகாரையும் வேலையையும் எழுதும் தாள்) போடுங்கள். இல்லையென்றால் ரேஞ்ச் புகாரை விட்டுவிடுங்கள்.

ஜாப் கார்டு என்றதும் ஒன்று. "வாடிக்கையாளர் சொன்னது" என்ற கட்டத்தில் உங்கள் வார்த்தைகளே இருக்க வேண்டும். "பொது சோதனை" என்று எழுதிவிட்டு "குறை எதுவும் இல்லை" என்று மூடுவார்கள். அந்தத் தாளை வைத்துப் பின்னால் வழக்காட முடியாது. அவர்கள் எழுத மறுத்தால் அன்று மாலையே மின்னஞ்சலில் நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

பிறகு இருவருக்கும் டெலிவரி சான்றுடன் விரைவுத் தபாலில் 15 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் நோட்டீஸைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அவர்கள் தரும் பதில், பல நேரம் உங்களுக்கே சாட்சியாகும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். உத்தரவு போடும் அதிகாரம் அதற்கில்லை என்பதால் அதன் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். டெலிவரி தேதியிலிருந்து இரண்டு ஆண்டுதான் காலவரம்பு (பிரிவு 69); உங்களுக்கு 2027 ஜனவரியில் முடிகிறது.

புகாரை ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்தில் வழக்கிட பிரிவு 34 இடம் தருகிறது; புக்கிங் படிவத்தில் "சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்று இருந்தாலும் அந்த வரி இந்த உரிமையைத் தடுக்காது. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையம் போதும். 10 முதல் 20 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. வீடியோ, வாட்ஸ்அப் பதிவுகளோடு பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படியான மின்னணுச் சாட்சியச் சான்றிதழை இணைத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளில், அதிகபட்சம் கூடுதலாக 15 நாளில் பதில் தர வேண்டும். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் சொல்லியிருக்கிறது. தாக்கல் செய்யும்போதே நிபுணர் ஆய்வு கேட்டு நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38-ன்கீழ் தனி மனுவும் போடுங்கள். அரசு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ, ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தையோ நியமிக்கும்படி கேட்கலாம். செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வழக்கை முடிக்கச் சட்டம் சொல்லும் கெடு 3 மாதம், பரிசோதனை இருந்தால் 5 மாதம்; அந்தக் கெடு காப்பாற்றப்படுவது அரிது.

வண்டியை மாற்றித் தருவார்களா என்றால், எதிர்பார்க்காதீர்கள். சரிசெய்யக்கூடிய குறைக்கு முழு வண்டியையும் மாற்ற உத்தரவிட முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கோரிக்கையை இப்படி அடுக்குங்கள்: முதலில், செலவில்லாமல் 11 கிலோவாட் சார்ஜர் பொருத்தித் தர வேண்டும், அதனால் உத்தரவாதம் பாதிக்கப்படக் கூடாது; முடியாவிட்டால், சொன்னபடியான வண்டியைத் தர வேண்டும் அல்லது பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும்; அதுவும் இல்லையென்றால், விலை வித்தியாசமும் இழப்பீடும் வழக்குச் செலவும். பெரும்பாலும் மூன்றாவதில்தான் வந்து நிற்கும். ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். நிறுவனங்கள் 40,000-த்தை விட்டு மேலே ஏறிவருவது அந்த மேசையில்தான். அங்கே போடும் ஒப்பந்தத்துக்கு ஆணையத்தின் உத்தரவு என்ற பலமும் உண்டு.

வழக்கு நடக்கும்போது வண்டியை ஓட்டலாம். ஓட்டியதால் உரிமை போகாது. சர்வீஸை மட்டும் ஒன்றுகூடத் தவறவிடாதீர்கள். கடனில் வாங்கியிருந்தால் வங்கித் தவணையையும் நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் இந்தத் தகராறுக்கும் சம்பந்தமில்லை. நிறுத்தினால் வண்டியை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஆய்வு செய்யப் பொருளே கையில் இருக்காது.